கதவுகளில் வழிந்த மஞ்சள்

என் மனைவிக்கு அந்த நாட்களில் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. கதவு.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவின் ஸ்காபரோவில், மல்வேர்னில், என் அண்ணனுடைய வீட்டின் பேஸ்மென்ற்றில், நிலத்துக்குக் கீழிருந்த தளத்தில், நாங்கள் இருவரும் இருந்தோம். மேலே அண்ணன் குடும்பம் வாழ்ந்தது. அதன் காலடிச் சத்தங்களுக்குக் கீழே நாங்கள் ஒதுங்கியிருந்தோம், மழைக்கு ஒதுங்கியவர்கள் மாதிரி. மழை வருடக்கணக்கில் விடவில்லை. மேல்வீட்டுக் குசினியிலிருந்து இறங்கும் படிக்கட்டு நேரே எங்கள் கட்டிலின் காலடியில் வந்து முடியும். இடையில் கதவு கிடையாது. திரைச்சீலை ஒன்று தொங்கியது, அதில் மயில்கள். மயில்கள் யாரையும் தடுக்கவில்லை.

துணி துவைக்கும் மெஷின் எங்கள் பக்கத்தில் இருந்தது. ஆகவே அண்ணனின் மனைவி, என் அண்ணி, அழுக்குக் கூடையோடு நினைத்த நேரம் இறங்கி வருவார். தட்டமாட்டார். எதைத் தட்டுவது, மயிலையா? மெஷின் சுற்றும் நேரத்தை வீணாக்கக் கூடாது என்று எங்கள் சட்டி மூடிகளைத் தூக்கிப் பார்ப்பார். அகப்பை நுனியால் தொட்டு நாக்கில் வைப்பார்.

“உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சுப் பிள்ளை. அவனுக்கு இப்பவே பிரெஷர் வரப் பண்ணிப்போடாதையும்.”

அவன் என்றது என்னை. நான் அங்கேயே, அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில், பனியைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பேன். எங்கள் யன்னல் நிலத்தோடு ஒட்டியிருந்தது. பனியை நான் பக்கவாட்டில், கேக் வெட்டின மாதிரி, மண்புழு பார்க்கிற கோணத்தில் மட்டுமே அறிவேன். ஆனாலும் அது வானத்திலிருந்து இறங்கும் மௌனம் என்று எழுதி, நண்பர்கள் நடத்திய சிறுபத்திரிகைகளுக்கு அனுப்பினேன். அவர்களும் பேஸ்மென்ற்றில்தான் இருந்தார்கள். அதனால் நம்பிப் பிரசுரித்தார்கள்.

ஒருநாள் அண்ணி மேலே ஏறிப் போனபின் மனைவி மூடியை எடுத்துச் சட்டியை மூடிவிட்டுச் சொன்னாள்:

“இஞ்சேருங்கோ, எனக்கு வீடு வேண்டாம். ஒரு கதவு வேணும். ஆரும் வந்தா நிண்டு தட்ட வேணும். திறக்கிறதோ விடுறதோ எண்டு யோசிக்க எனக்கொரு நிமிசம் கிடைக்க வேணும். அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்றாள். அந்த நகரத்தில் அதைவிடப் பெரிய கோரிக்கை எதுவும் இருக்கவில்லை.

பஸ்ஸில் கொஞ்சத் தூரம் போனால் ஒரு கூட்டுறவு வீட்டுத்தொகுதி இருந்தது. எங்கள் ஆட்கள் கோப் வீடு என்பார்கள். குடியிருப்பவர்களே கொமிற்றி அமைத்து, மீற்றிங் வைத்து, ஒருவர் குறையை மற்றவர் எழுதி வைத்து நடத்துகிற இடம். வரிசை வரிசையாக ஒட்டு வீடுகள். எல்லாக் கதவும் வெள்ளை. வேறு நிறம் பூச விதி இடம் தராது. மூலை வீடு ஒன்று காலியாகியிருந்தது. அந்தக் கொமிற்றியில் இருந்த ஒரேயொரு தமிழர் ஓர் அங்கிள். எண்பதுகளின் தொடக்கத்திலேயே வந்தவர். பிந்தி வந்த எங்களை, தான் காசு கொடுத்து ஏறிய பஸ்ஸில் பின்கதவால் ஏறியவர்கள் போலப் பார்ப்பார். ஆனால் கோயிலில் கண்டால் ‘நான் சொன்னா நடக்கும் தம்பி’ என்பார். சொன்னார். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

கொமிற்றியின் தலைவி உயரமான, நரைத்த வெள்ளைக்காரப் பெண்மணி. ஆட்டு மயிர் உதிரும் கம்பளிச் சட்டை. முகத்தில், தன் கையால் ரொட்டி சுடுகிறவர்களுக்கு மட்டும் வரும் ஓர் ஒளி. அவர் கேட்டார்:

“எங்கள் சமூகத்துக்கு நீங்கள் என்ன பங்களிப்பீர்கள்?”

நான் தொண்டையைச் செருமி, எழுதுவேன் என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

“நல்லது. பார்க்கிங் அறிவித்தல் பலகைகள் எல்லாம் மங்கிவிட்டன.”

மனைவியிடம் திரும்பினார். அவளுக்கு ஆங்கிலம் குறைவு. ஆனால் நோக்கம் தெளிவு. இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்தாள். “கையால் செய்யும் எதுவும்,” என்றாள்.

அந்தக் கைகள் தலைவிக்குப் பிடித்துவிட்டன. அவர்கள் ஒவ்வொரு டிசம்பரும் கிறிஸ்மஸுக்கென்று பொது மண்டபத்தில் கூடி, எல்லா வீட்டுக் கதவுக்கும் பச்சைக் கிளை வளையம் கட்டுவார்களாம். கடைச் சாமான் ஒன்றும் சேராது. பிளாஸ்ரிக் கூடாது, மினுக்குத் தாள் கூடாது, எல்லாம் இயற்கை. கிளை, கூம்புக் காய், உலர்ந்த பழம். நீங்களும் வாருங்கள், ஜனவரி மீற்றிங்கில் மூலை வீட்டைப் பற்றி முடிவெடுக்கும்போது உங்களை எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்றார். பிறகு, முகத்தைச் சற்றுச் சுளித்து, இந்த வருடம் பழம் காயவைக்க ஆள் இல்லை என்றார். போன வருடம் ஒருவர் அவண் அடுப்பில் வைத்து எல்லாத் தோடம்பழத்தையும் கரியாக்கிவிட்டாராம்.

மனைவி என்னிடம் திரும்பித் தமிழில் சொன்னாள்: “காய வைக்கிறதோ? உதெல்லாம் ஒரு வேலையே?”

தோடம்பழம் என்று நாங்கள் சொல்லும் ஒறேஞ்ச், அப்பிள். வட்ட வட்டமாக, மெல்லிசாக. அவளுடைய கத்தியின் சத்தம் அந்தக் கிழமை முழுவதும் பேஸ்மென்ற்றில் கேட்டது. டிசம்பரில் ரொறன்ரோவின் வெயிலை நம்பி ஒரு கைக்குட்டையும் காயப்போட முடியாது. அவண் மேலே அண்ணியின் ஆட்சியில். மிஞ்சியது வீட்டைச் சூடாக்கும் பேர்னஸ். அது எங்கள் பக்கத்தில், தகரச் சுவருக்குள் இரவு பகல் உறுமிக்கொண்டிருக்கும். கோடையில் யன்னல்களுக்குப் போடும் நுளம்பு வலைச் சட்டங்களை அண்ணன் அதன் பின்னால் சாத்தி வைத்திருந்தான். மனைவி அவற்றைக் கழுவிக் கதிரைகளின் மேல் கிடத்தி, வட்டங்களைப் பரப்பினாள். பரப்பினதும், யோசிக்காமல், கை தன் பாட்டில், உப்பைத் தூவினாள்.

ஏன் உப்பு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னைத்தான் விசித்திரமாகப் பார்த்திருப்பாள். பாவற்காய்க்கு உப்பு. மோர் மிளகாய்க்கு உப்பு. மாங்காய்க்கு உப்பு. உப்பில்லாமல் ஒன்றைக் காயவைப்பது என்பது எங்களுக்குத் தண்ணீர் இல்லாமல் குளிப்பது மாதிரி. அலங்காரத்துக்கென்று ஒரு பழத்தைக் காயவைப்பார்கள், அதை யாரும் தின்னப்போவதில்லை என்பது மூளைக்குத் தெரிந்திருந்தாலும் கைக்குத் தெரியாது.

பேர்னஸ் தன் வேலையைச் செய்தது. தேவைக்கு மேலேயே செய்தது. தோடம்பழ வாசனை எல்லாக் குழாய்க்குள்ளாலும் ஏறி, அண்ணியின் குசினி, வரவேற்பறை, சாமியறை, அலுமாரிக்குள் இருந்த கூறைச்சேலை வரை போய்ச் சேர்ந்தது. கூடையில்லாமலே அண்ணி இறங்கி வந்தார்.

“கீழ என்ன, சாராயமே காய்ச்சிறியள்?”

“இல்லை அக்கா, தோடம்பழம் காயுது.”

“அது தெரியுது. கனவிலயும் தோடம்பழம்தான் வருது. என்னத்துக்கு?”

“கோப் வீட்டுக்காரர் கதவில கொழுவ ரீத் கட்டினம் அக்கா. அதுக்கு.”

அண்ணியின் கை நெஞ்சுக்குப் போனது.

“ரீத்தோ? செத்தவீட்டில பெட்டிக்கு மேல வைக்கிற சாமானெல்லே அது? உயிரோட இருக்கிற ஆக்கள் ஆரும் அதை வாசல்ல கொழுவுவினமே?”

“இஞ்ச ரோட்டு முழுக்கக் கொழுவிக்கிடக்குத்தானே அக்கா.”

“அவை கொழுவட்டும். அவைக்கு அது நத்தார். எங்களுக்கு அது பாடை. போன கிழமைதான் உங்கட அண்ணைக்கு நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யுது எண்டு...”

“அது வாய்வு அண்ணி,” என்றேன்.

“நீர் எழுதும். உம்மட வேலையைப் பாரும்.” மனைவியிடம் திரும்பினார். “பிள்ளை, சொல்லிப்போட்டன். உந்தச் செத்த வளையம் என்ர வீட்டுக்குள்ள வரப்படாது. பழம் காயட்டும், பரவாயில்லை. வளையம் வரப்படாது.”

போகும்போது ஒரு தோடம்பழ வட்டத்தை எடுத்து நாக்கில் வைத்தார். “உப்புக் கூடிப்போச்சு,” என்றார்.

நான் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. அவள் அந்த வலைச் சட்டங்களின் முன்னால் நெடுநேரம் நின்றாள். அண்ணியின் வாயிலிருந்து வருகிற எதையும் ஏற்காதவள், இதை மட்டும் விழுங்கிவிட்டாள் என்று தெரிந்தது. எங்கள் ஊரில் வளையம் என்றால் சவப்பெட்டிதான். இறந்தவரின் அலுவலக நண்பர்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, வெயிலில் வியர்த்தபடி கொண்டுவந்து வைப்பார்கள். எவ்வளவோ மன்றாடி ஒரு கதவைக் கேட்கிறோம். அந்தக் கதவில் முதல் முதலாகக் கொழுவுகிற சாமான் அதுவா?

“அவ சொல்லுறதும் சரியெல்லே?” என்றாள்.

“இதெல்லாம் கலாசார வேறுபாடு...” என்று தொடங்கினேன்.

“உங்களட்டக் கேக்கேல்லை,” என்றாள்.

குசினி மூலைக்குப் போனாள். மஞ்சள்தூள் போத்தலோடு வந்தாள். தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, பாதி காய்ந்த ஒவ்வொரு வட்டத்தையும் அதில் தோய்த்து, திருப்பித் திரும்பவும் பரப்பினாள். அப்பிளையும் விடவில்லை. மஞ்சள் பட்டால் தீட்டு நிற்காது. செத்த வீட்டுக்கும் இதற்கும் இனி ஒரு தொடர்புமில்லை. சட்டச் சிக்கலைத் தீர்த்துவிட்ட அப்புக்காத்து மாதிரி கையைத் துடைத்தாள்.

காய்ந்தபோது அவை பழமாகவே இருக்கவில்லை. பேர்னஸின் வாயிலிருந்து கழன்று விழுந்த சின்னச் சின்னச் சூரியன்கள். நான் அப்படியே எழுதி வைத்தேன். பிறகு அதை அடித்துவிட்டேன். அந்த ஒரு தடவை மட்டும் பொருள் என் உவமையை விட வடிவாக இருந்தது.

கிளை கொண்டுவருவது என் பொறுப்பு. பிளாசா ஒன்றின் பார்க்கிங்கில் நத்தார் மரம் விற்றவன், அடியில் வெட்டி எறிந்த கிளைகளை எடுத்துப்போகச் சொன்னான். பனியில் விறைத்துக்கிடந்த அவற்றில் ஒரு வாசனையும் இல்லை. அண்ணனின் காரின் பின்பக்கம் நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன். இரண்டு வகை இருந்தது. ஒன்று சப்பையாக, பின்னல் மாதிரி. மற்றது ஊசி ஊசியாக, கம்பீரமாக. கம்பீரமானதைத்தான் கூடுதலாக எடுத்தேன்.

மண்டபத்தின் சூட்டில் அரைமணி நேரம் இருந்ததும் அந்தக் கம்பீரம் தன் குணத்தைக் காட்டியது. பூனை மூத்திர நாற்றம். சந்தேகமேயில்லை. ஒரு பெண் குனிந்து மேசைக்கடியில் ‘பிஸ், பிஸ்’ என்று பூனையைக் கூப்பிட்டுத் தேடினாள். அங்கிள் என்னையும் என் கிளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். தலைவி, அது ஒரு ஜாதி ஸ்புரூஸ் மரம், குளிரில் நல்ல பிள்ளை, சூடு பட்டால் இப்படித்தான் என்று மிகவும் கனிவாக விளக்கிவிட்டு, முழுவதையும் வெளியே கொண்டுபோய் எறியச் சொன்னார். எறிந்துவிட்டு வந்தேன். பார்க்கிங் பலகைகளை எங்கே எழுத வேண்டும் என்று கேட்டேன்.

மண்டபத்தில் வேலை மும்முரம். கம்பி வளையம், அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் பிடியாகக் கிளை, அதை மெல்லிய கம்பியால் இறுக்கி, அடுத்த பிடியால் முந்தினதின் காம்பை மறைத்து, அப்படியே சுற்றிக்கொண்டு போக வேண்டும். நாய் தன் வாலைத் துரத்துகிற மாதிரி எல்லோருடைய கிளையும் ஒரே பக்கமாக ஓடியது. மனைவியினது மட்டும் அப்படி இல்லை. அவள் அடியிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் மேலே ஏற்றினாள். நுனிகள் எல்லாம் வானம் பார்த்து, உச்சியில் வந்து சந்தித்தன.

“அது ஏன் அப்படி?” என்று மெல்லக் கேட்டேன்.

“தோரணம் கட்டினா நல்ல காரியத்துக்கு மேல பாக்கும். செத்த வீட்டுக்குக் கீழ பாக்கும். உங்களுக்கு உதுகூடத் தெரியாதே?” கம்பியைப் பல்லால் கடித்தாள். “பேசாமப் பிடியுங்கோ.”

பழக் கூடையைத் திறந்தபோதுதான் மண்டபம் அவள் பக்கம் திரும்பியது. ஆளுக்கு ஆள் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்கள். தலைவி ஒரு வட்டத்தைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து அதற்குள்ளால் மின்விளக்கைப் பார்த்தார்.

“இந்த நிறம்! இது எப்படி வந்தது?”

மனைவி வாய் திறப்பதற்குள் அங்கிள் கோப்பிக் கோப்பையோடு முன்னால் வந்தார்.

“எங்கள் புராதன முறை,” என்றார் ஆங்கிலத்தில். “எங்கள் நாட்டில் ஒவ்வொரு குளிர்காலமும் பெண்கள் இப்படித்தான் செய்வார்கள். ஆயிரமாயிரம் வருடமாக.”

எங்கள் ஊரில் குளிர்காலம் என்பது மார்கழி விடியலில் சால்வையை எடுத்துக் காதை மூடிக்கொண்டு, எட்டு மணிக்குச் சால்வையைக் கழற்றிவிடுவது. ஆனால் மண்டபம் தலையசைத்தது. புராதனம் என்றால் அங்கே எவருக்கும் கண் கலங்கும். எல்லோரும் எல்லா வளையத்திலும் மஞ்சள் வட்டங்களைக் கட்டினார்கள். கறுவாப்பட்டையும் கூம்புக் காயும் ஓரத்துக்கு ஒதுங்கின.

முடிவில் ஆளுக்கு ஒன்றாகக் கதவுக்கு எடுத்துப் போனார்கள். மனைவியிடம் வளையம் இருந்தது, கதவு இல்லை. அண்ணி வீட்டுக்குக் கொண்டுபோனால் யுத்தம். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு, எல்லோரும் போகும்வரை கதிரையில் இருந்தாள். தலைவி கண்டார். வாங்கிக்கொண்டுபோய் மூலை வீட்டின் வெற்றுக் கதவில் கொழுவினார்.

“காலியாக இருந்தாலும் அம்மணமாக இருக்கக் கூடாது,” என்றார்.

அதற்குப் பிறகு மனைவி அடிக்கடி மரக்கறி வாங்கப் போனாள். மரக்கறிக் கடைக்கு நேரே எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில். எனக்குத் தெரியாது என்று நினைத்தாள். வந்தால் மூக்கு நுனி சிவந்திருக்கும். பையில் ஒரு வெண்டிக்காயும் இருக்காது.

பொங்கலை ஒட்டி அந்தப் பொய் வெப்பம் வந்தது. வருடா வருடம் ஜனவரியில் வருவது. பனியெல்லாம் உருகி, இளமழை தூறி, ஊர் முழுக்கச் சொட்டுச் சொட்டென்று. மேல்வீட்டுத் தொலைபேசி அடித்தது. அண்ணி மேலிருந்தே கத்தினார்:

“கோப் வீட்டு அங்கிளாம்! குரல் சரியில்லை!”

ஏறிப்போய் எடுத்தேன்.

“தம்பி, என்ன வேலை பாத்து வச்சிருக்கிறியள்? கதவில மஞ்சள் வடியுது.”

“எந்தக் கதவில அங்கிள்?”

“எந்தக் கதவில இல்லை எண்டு கேளும்.”

இருவரும் ஓடினோம். இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. உப்பு ஊறிய பழங்கள் ஈரக் காற்றைக் குடித்துக் குடித்து, வியர்த்து, தாங்காமல் அழுதிருந்தன. வரிசை வரிசையாக வெள்ளைக் கதவு. ஒவ்வொன்றிலும் வளையத்தின் அடியிலிருந்து வாசற்படி வரை மஞ்சள் ஓடை. சிலதில் ஒற்றைக் கோடு, சிலதில் விரலால் இழுத்த மாதிரி மூன்று நான்கு. சாம்பல் வானம், கறுத்த பனிச் சேறு, அதற்கு நடுவில் ஒரு தொகுதி முழுவதும் கதவுக்கு மஞ்சள் பூசி யாரோ மாப்பிள்ளைக்குக் காத்துக்கொண்டிருப்பது போல. நாத்திகரின் கதவும் தப்பவில்லை. அங்கிளின் கதவில்தான் ஆகக் கூட.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன்.

“வடிவாத்தானே இருக்கு?” என்றாள் விரல்களுக்குள்ளால். பிறகு அவள் கண் மூலை வீட்டுக்குப் போனது. அங்கேயும் ஒரு நீண்ட கோடு. கை கீழே இறங்கியது. “போச்சு. அந்தக் கதவும் போச்சு, வீடும் போச்சு.”

மூலை வீட்டை யாருக்குக் கொடுப்பது என்று பேசக் கூட்டிய மீற்றிங்கில், முதல் இரண்டு மணி நேரமும் மஞ்சளைப் பற்றித்தான் பேச்சு. தலைவியின் கம்பளிச் சட்டை அன்றைக்கு வெள்ளை. அவரும் ஒரு கதவு போலவே இருந்தார். ஈரத்துணியால் துடைத்தால் இன்னும் பரவுகிறது என்றார் ஒருவர். வினாகிரி போட்டும் போகவில்லை என்றார் இன்னொருவர். யாருடைய யோசனை இது என்று கேட்டபோது எல்லோரும் அங்கிளைப் பார்த்தார்கள். ஆயிரமாயிரம் வருடத்தின் உரிமையாளர் அவர்தானே.

அங்கிள் எழுந்தார்.

“எனக்கு இதில் சம்பந்தமில்லை. நான் வந்தபோது நாங்கள் இப்படியெல்லாம் செய்வதில்லை. இவர்கள் புதிதாக வந்தவர்கள். இவர்களுக்கு ஒன்றும் தெரியாது.”

ஆயிரமாயிரம் வருடம் ஒரு நிமிடத்தில் முடிந்து அவர் உட்கார்ந்தார்.

மனைவி எழும்பினாள். கை மேசையில் இல்லை. சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. “நான் செய்தேன். நான் துடைப்பேன்,” என்றாள் ஆங்கிலத்தில்.

“ஏன் உப்பு?” என்று கேட்டார் தலைவி.

“உப்பு இல்லை என்றால் அழுகும்.”

“சரி. ஏன் மஞ்சள்?”

அதற்கு அவளிடம் ஆங்கிலம் இல்லை. என்னைப் பார்த்தாள். நான் எழும்பினேன். சுற்றி வளைக்காமல், உவமை இல்லாமல், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னேன்: எங்களுக்கு வளையம் என்றால் சவப்பெட்டியின் மேல் வைப்பது. உங்கள் கதவுகளில் அதைக் கொழுவ இவளுக்குப் பயமாக இருந்தது. உங்களுக்கு ஒன்றும் நடக்கக் கூடாது என்று மஞ்சள் பூசினாள்.

பின்வரிசையில் ஒரு கிழவர், ஒக்சிஜன் குழாயோடு வருபவர், கேட்டார்: “அப்போ இந்த வருடம் நான் சாகமாட்டேனா?”

“கதவைத் துடைக்காவிட்டால் சாகமாட்டீர்கள்,” என்றது ஒரு பெண்குரல். சிரிப்பு எழுந்தது. தலைவி சிரிக்கவில்லை, அவர் விதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். விதிகளில்லாமல் அந்தப் பெண்மணிக்கு மூச்சு விட வராது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒரு சிக்கல். கதவுக்குத் திரும்பப் பெயின்ற் பூசும் வேலையை உறுப்பினர்களுக்கு மட்டும்தான் கட்டாயப்படுத்தலாம். வெளியாளைச் செய்யச் சொல்ல விதியில் இடமில்லை. அவர் ஏணியிலிருந்து விழுந்தால் யார் பொறுப்பு?”

நீண்ட வாதம். சிலர் மன்னித்துவிடலாம் என்றார்கள். மன்னித்தால் கதவை யார் பூசுவது என்று மற்றவர்கள் கேட்டார்கள். சொந்தமாகத் தூரிகை பிடிக்க ஒருவரும் தயாரில்லை. கடைசியில் கை உயர்த்தச் சொன்னார்கள். மண்டபத்தில் கிட்டத்தட்ட எல்லாக் கையும் உயர்ந்தது, கொஞ்சம் தாமதித்து அங்கிளுடையதும். எங்களை உறுப்பினராக்கி மூலை வீட்டைத் தந்தார்கள், தண்டிப்பதற்கு வசதியாக.

கனடா எங்களை ஏற்றுக்கொண்ட விதங்களில் இது ஒன்றுதான் எனக்கு முழுக்க விளங்கியது.

மார்ச் மாதம் மூலை வீட்டுக்குப் போனோம். பனி போனதும் மனைவி ஏணியும் வாளியுமாக இறங்கினாள். அவளுக்கு உதவுவதற்காக எனக்குப் பலகை எழுதும் வேலையிலிருந்து விடுதலை கிடைத்தது. தெற்குப் பார்த்த வரிசையில் அவளுக்கு வேலை இருக்கவில்லை. வெயில் மஞ்சளைத் தின்று தீர்த்திருந்தது. வடக்குப் பார்த்த வரிசையில் கதவு கதவாகத் தட்டினாள். தட்டினாள், காத்து நின்றாள், உள்ளே இருப்பவர்களுக்குரிய நிமிடத்தை முழுசாகக் கொடுத்தாள், திறந்ததும் தூரிகையைக் காட்டினாள். ஒக்சிஜன் கிழவர் மட்டும் திறந்து, பார்த்து, வேண்டாம் என்று மூடிவிட்டார். அவருடைய கதவு அப்படியே இருந்தது. அவரும் இருந்தார், அடுத்த டிசம்பர் தாண்டியும். அதற்கு மஞ்சள் காரணம் என்று மனைவி சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

எங்கள் கதவையும் அவள் பூசவில்லை. “பிறகு பாப்பம்,” என்றாள். தலைவி இரண்டு தரம் நினைவூட்டினார். இரண்டு தரமும் பெயின்ற் முடிந்திருந்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம். நான் மேல்மாடி யன்னலில் இருந்தேன். முதல் தடவையாகப் பனியை மேலிருந்து பார்க்கக்கூடிய யன்னல், பனிதான் முடிந்துவிட்டிருந்தது. அண்ணனின் கார் வந்து நின்றது. அண்ணி இறங்கினார். கையில் ஒரு தாம்பாளம். புது வீட்டுக்குக் கொண்டுபோகிற முறைக்கு, அதில் ஒரு பை உப்பு, ஒரு பை மஞ்சள். எங்கள் கதவின் முன்னால் நின்றார். மஞ்சள் கோட்டை மேலிருந்து கீழே பார்த்தார். பழக்கத்தில் கையை நீட்டிக் கைபிடியைத் திருகினார். அது திரும்பவில்லை. தாம்பாளத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, என் அண்ணி, தட்டினார்.

கீழே மனைவி கதவுக்கு இந்தப் பக்கம், படியின் அடித்தட்டில் இருந்தாள். சத்தம் கேட்டு அவள் எழும்பவில்லை. நான் மேலிருந்து இறங்கி வந்தேன்.

“அண்ணி நிக்கிறா,” என்றேன்.

“தெரியும்.”

மறுபடியும் தட்டுச் சத்தம். இந்தத் தரம் கொஞ்சம் மெல்ல, மரியாதையாக.

“திறக்கேல்லையே?”

அவள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். முகத்தை அந்தச் சத்தத்தின் பக்கம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டாள்.

“பொறுங்கோ,” என்றாள். “யோசிக்கிறன்.”